ஈசாயி அக்காவின் நாலாவது கோப்பை

ஒரேயொரு ஊராம், அந்த ஊர் எரிஞ்சுபோன ஊராம், எரிஞ்ச ஊரிலை ஒரு தகரக் கொட்டிலாம், கொட்டிலுக்கை இருக்கிறது மூண்டு பேராம், ஆனால் சாப்பிடேக்கை நாலு கோப்பையாம். இப்படித்தான் ஒவ்வொரு நாளும் தொடங்குவேன். அயலில் இருக்கிற ராசமலர் மாமிக்கு இப்படித் தொடங்கினால்தான் கதை கேட்டது மாதிரி இருக்கும். நேற்று விட்ட இடத்திலிருந்து நேரே போனால் "என்ன தம்பி, தலையைக் காணேல்லை, வாலைப் பிடிச்சுக்கொண்டு வந்து நிக்கிறாய்" என்பா. அதனால் இன்றைக்கு, கடைசி நாள் என்றாலும், எல்லோருக்கும் எல்லாம் மனப்பாடம் என்றாலும், ரீவியில் சவர்க்கார விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிட்டேன். "ம்" என்றா மாமி, கதவடியில் காலை நீட்டி இருந்துகொண்டு. "ம்" என்றார் லோகன் அண்ணை, ஓட்டோவை வாசல் படலையடியில் விட்டுவிட்டு வந்த கையோடு. அப்பா சுவரோரக் கதிரையில் இருந்து தொண்டையைச் செருமினார், அது அவருடைய "ம்". அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாயில் இருந்து, மடியில் சுளகை வைத்துப் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா, அது முறிகிற சத்தம் மட்டும் டிக், டிக் என்று வந்துகொண்டிருந்தது. கேட்கிறவர் ம் கொட்டாவிட்டால் கதை நடுவழியில் படுத்துவிடும் என்று அம்மப்பா சொல்வார், படுத்த கதையை எழுப்பிக் கூட்டிவருவது கள்ள மாட்டைக் கூட்டிவருவதிலும் கஷ்டமாம். அம்மாவின் பயற்றங்காயை நான் "ம்" என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வது, இன்றைக்கு இந்தக் கதை அம்மாவுக்காகத்தானே முடியப்போகிறது.

நாடகம் யப்பான் நாடகம். பேசுவது அவர்களுடைய பாஷை, கீழே ஓடுவது சிங்கள எழுத்து, இங்கே அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், சிங்கள ஊரான குருநாகலில் ஒரு பேக்கரியில் மா குழைத்த காலத்தில் பாண் சுற்றுகிற பழைய பேப்பரில் பழகிய எழுத்து. அது ஓடி மறைவதற்குள் வாசித்து, தமிழாக்கி, வாயால் விடவேண்டும், என் வாயோ எனக்கே கேட்காத வாய். "உந்தக் குரலிலை கூப்பிட்டாப் பாண் போறணை அடுப்பை விட்டு வெளியிலை வராது, கொஞ்சம் சத்தமாச் சொல்லன்" என்று மாமி தொடங்கிய நாளிலிருந்து சொல்கிறா, நானும் ஓம் ஓம் என்று அதே குரலில் சொல்கிறேன். ஹிசாயோ என்ற அந்தத் தாயை மாமி முதல் நாளே ஈசாயி ஆக்கிவிட்டா. மகள் யசுகோ யசோ ஆனாள், அதில் பெரிய வேலை இருக்கவில்லை. போருக்குப் போய்த் திரும்பாத மகன் ஷின்கிச்சி சின்னக்கிளி ஆனான். போரிலிருந்து திரும்பி வந்து, ஆனால் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்த தகப்பனுக்கு மட்டும் ஒருவரும் பெயர் வைக்கவில்லை. அவரை "அந்த மனிசன்" என்போம், அந்த மனிசன் வருகிற நேரமெல்லாம் எங்கள் அப்பா காலை மாற்றிப் போட்டு இருப்பார். முதல் நாள் அந்தக் கொட்டிலின் மேல் மழை பெய்தபோது எழுத்தை வாசி என்று என்னை யாரும் கேட்கவில்லை. தகரத்தில் மழை விழும்போது எந்தப் பாஷையிலும் பேசமுடியாது என்பது அகதி முகாமிலிருந்து வந்த எங்களுக்குத் தெரியும், கையால்தான் பேசவேண்டும், ஒழுக்குக்குச் சட்டியை இழுத்து வை என்று கையால், உன் பக்கம் நனைகிறது என்று கையால். ஈசாயி அக்காவும் கையால்தான் பேசினா. "எங்கடை ஆக்கள்" என்றா மாமி, மூக்குத்தான் கொஞ்சம் குறைவு என்றா. நாளையிலிருந்து இந்த நேரத்துக்கு இந்த ஆட்கள் எங்கே போவார்கள், நாங்கள் எங்கே போவோம், மாமி தன் வீட்டில் இருந்து என்ன செய்வா.

ஆனால் எங்களைப் பிடித்து இருத்தியது மழை இல்லை, அந்த நாலாவது கோப்பை. தரையோடு பதிவான ஒரு மேசை, அதில் ஈசாயி அக்கா மூன்று பேருக்கும் சோறு வைப்பா, பிறகு நாலாவதாக ஒன்று, மூடி போட்ட கோப்பை, அதை ஆளில்லாத மெத்தைத் துண்டுக்கு முன்னால், சின்னக்கிளியின் படத்துக்குக் கீழே வைப்பா. கொஞ்ச நேரத்தில் மூடியைத் தூக்கி, சோற்றைப் பார்க்காமல் மூடியின் அடியைப் பார்ப்பா. பிறகு மூடிவிட்டுப் போய்த் தன் சோற்றைச் சாப்பிடுவா, சாப்பிட்டுக்கொண்டே யசோவுக்கு ஏதாவது பகிடி சொல்லிச் சிரிப்பா. முதல்முறை அதைக் கண்ட அன்று எல்லோரும் மாமியைப் பார்த்தோம். "படையல்" என்றா மாமி கடைசியில். படம் இருக்கிறது, சோறு இருக்கிறது, பிள்ளை இல்லை, வேறு என்னவாம். "மாலை போடேல்லையே" என்று லோகன் அண்ணை கேட்டார். "சண்டை முடிஞ்ச கையோடை அதுகள் பூவுக்கு எங்கை போறது?" "காகத்துக்கும் வைக்கேல்லை." "காகமெல்லாம் குண்டுக்குப் பயந்து ஓடியிருக்கும், நீ பேசாமல் பார்." "அப்ப மூடியை ஏன் மாமி திருப்பித் திருப்பிப் பாக்கிறா?" "கறள் பிடிச்சிருக்கோ எண்டு பாக்கிறாளாக்கும், பழைய சாமான்தானே." எழுத்திலும் ஒன்றும் வரவில்லை, சோறு வைக்கும்போது யார் விளக்கம் சொல்லிக்கொண்டு வைக்கிறார்கள். நானும் படையல் என்றுதான் நம்பினேன், அம்மப்பாவின் திவச நாளுக்கு நாங்கள் இலை போட்டுப் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் வைப்பதில்லையா, அதில் அம்மாவுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லையே. அம்மாதான் அன்றைக்கு மெல்ல, யாருக்கென்றில்லாமல் சொன்னா: "பிள்ளைக்குப் படைச்சுப்போட்டு எப்பிடிச் சிரிக்கிறா, பாரன்." அடுத்த கிழமை அதையே திரும்பவும் சொன்னா, அதில் அதிசயம் குறைந்திருந்தது. பிறகு சொல்வதை விட்டுவிட்டா, பார்க்க மட்டும் செய்தா, ஒரு ஆள் ஆற்றைக் கடக்கும்போது எந்தக் கல்லில் கால் வைக்கிறாள் என்று இந்தக் கரையில் நிற்கிற ஆள் பார்ப்பது போல.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு வைக்கிற கோப்பை மூன்றுதான். நிமலன் அண்ணாவுக்கு நாங்கள் படைப்பதில்லை. படத்துக்கு மாலை இல்லை, விளக்கு இல்லை, படமே அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு மேலே படுத்திருக்கிறது. எனக்கு அவனுடைய முகத்தைவிட அவனுடைய "ம்" தான் முதலில் ஞாபகம் வரும். அம்மப்பா கதை சொல்லும்போது வேண்டுமென்றே பிழையான இடத்தில் ம் கொட்டுவான், ராசா இன்னும் குதிரையில் ஏறவில்லை, இவன் ஏறினதுக்கு ம் கொட்டிவிடுவான். "நிமலன், கதைக்குக் கொட்டு, உன்ரை நித்திரைக்குக் கொட்டாதை" என்பார் அம்மப்பா, நான் சிரித்துச் சிரித்துப் பாயை நனைத்துவிடுவேன். பாயின் மணம், அவனுடைய கையில் இருந்த சைக்கிள் எண்ணெய் மணம், பிறகு உடனே, நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி, மணல். கடைசிச் சண்டை. கடலுக்கும் களப்புக்கும் நடுவில் மணலைத் தோண்டி, சேலைகளில் மண் கட்டி அடுக்கிய பங்கர். அம்மா கஞ்சி காய்ச்சினா, நிமலன் மஞ்சள் கானைத் தூக்கிக்கொண்டு தண்ணிக்கு வெளிக்கிட்டான். "குடிச்சிட்டுப் போவன்" என்றா அம்மா. "சுடுது, ஆறட்டும், போட்டு வாறன்" என்றான். அம்மா அவனுடைய பங்கை ரின்பால் வந்த தகரப் பேணியில் ஊற்றி, மண் விழாமல் ஒரு சின்னத் தட்டால் மூடி, தட்டுக்கு மேல் ஒரு கல்லும் வைத்தா. பிறகு ஷெல், பிறகு எல்லோரும் ஓடுகிற கால்கள், அப்பா என்னைத் தோளில் தூக்கியது, அவருடைய காது என் முழங்காலில் உரசியது. தண்ணிக்குப் போனவனைப் பிறகு ஒருவரும் காணவில்லை, பேணி அங்கேயே இருந்துவிட்டது. வழி முழுக்க அம்மா அழவில்லை, ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு வந்தா. "மூடினனானே? நான் அதை மூடினனானே?" "மூடினனீ, நட" என்றார் அப்பா. "மூடினனானே?" "மூடினனீ."

நாளைக்கு அமாவாசை. விடியக் கீரிமலைக்குப் போவதற்கு லோகன் அண்ணையை ஓட்டோ கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அப்பா. கடலில் முழுகி, ஐயரைக் கொண்டு நிமலனுக்குச் செய்யவேண்டியதைச் செய்து, வீட்டுக்கு வந்து இலை போட்டுப் படைக்கவேண்டும். இதை அவர் இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை, இப்போது கேட்கிறார், ஏனென்றால் கனவு வருகிறது. கனவில் நிமலன் படலைக்கு வெளியே வெறும் கோப்பையோடு நிற்கிறானாம். வா என்றால் வரமாட்டானாம், போ என்றால் போகமாட்டானாம். அம்மா உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை, அதுதான் பெரிய விஷயம். "கதை முடியட்டும்" என்றா. "ஈசாயி அக்கா என்ன செய்யிறா எண்டு பாப்பம். முடிய வந்து சொல்லுறன்." இன்று பின்னேரம் அப்பா கொட்டிலடியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், என்னைக் கண்டதும் சில்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இண்டைக்கு முடியுதாம், என்ன." "ஓம் அப்பா." "சின்னக்கிளி வருவானோ?" "தெரியேல்லை." "வந்தானெண்டா அது படத்திலை தெரியும், அதை ஒண்டும் செய்யேலாது." சில்லைத் திரும்பச் சுற்றினார். "வராட்டில், தம்பி, கீழை என்னத்தை எழுதினாலும் சொல்லுறது நீதானே." சில்லு நின்றது. "படைச்சபடியாத்தான் அந்த மனுசி நிம்மதியா இருக்கிறா எண்டு ஒரு சொல்லு வந்தாக் காணும். கொம்மா கேப்பா. அவன் பசியோடை நிக்கிறான்ரா." எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்தார், கன்னத்தில் ஒரு கறுத்தக் கோடு விழுந்தது, இப்போதும், இந்த வெளிச்சத்தில், சுவரோரக் கதிரையில் இருக்கிறவருடைய கன்னத்தில் அந்தக் கோடு இருக்கிறது.

நாடகம் தொடங்கிவிட்டது. யசோவின் கல்யாணக் காலை. நான் வாசிக்கிறேன், சொல்கிறேன், வாய் தன்பாட்டில் சொல்கிறது, "தலையை ஆட்டாதை பிள்ளை, சீப்பு சிக்குது எண்டு தாய் சொல்லுறா", "ம்", உள்ளே வேறு ஒன்று ஓடுகிறது. ஒரு சொல்லுத்தான். ஒரு சொல்லைச் சொன்னால் அப்பாவின் படலையடியில் நிற்கிறவன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான், அப்பா நித்திரை கொள்வார். அம்மாவும் ஒருவேளை சிரிப்பா, ஈசாயி அக்கா மாதிரி, சாப்பிட்டுக்கொண்டே பகிடி சொல்லி. அப்படியென்றால் அது பொய்யா? அம்மப்பா சொல்லாத பொய்யா? அவருடைய கதைகளில் செத்தவர்கள் எல்லாம் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் செத்தார்கள். நான் அழுதால் இளவரசன் எழும்பிவிடுவான், நிமலன் கொட்டாவி விட்டால் இளவரசனைப் பாம்பு கடித்துவிடும். ஆனால் அது இளவரசன். இது, இது அவன். சின்னக்கிளி செத்துவிட்டான் என்று நான் சொன்னால் அம்மாவின் காதில் விழுவது சின்னக்கிளி இல்லை. என் வாயால். எனக்கே கேட்காத இந்த வாயால் சொன்னாலும் செத்தவன் செத்தவன்தான். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அப்பா. அந்த வெறும் கோப்பை. அவன் செத்தே போயிருந்தால், இத்தனை வருடமும் நாங்கள் அவனைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்றால். கரண்ட் போகாதா, ஒவ்வொரு நல்ல கட்டத்திலும் போகிற கரண்ட் இன்றைக்குப் போகாதா, போனால் ஒருவருக்கும் முடிவு தெரியாது, நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, ஆனால் லைட் ஒரு துடிப்புக்கூட இல்லாமல் எரிகிறது, பூச்சிகள் அதைச் சுற்றுகின்றன. "எங்கை தம்பி, படுத்திட்டியே, என்னவாம் அவள் சொல்லுறாள்?" என்று மாமி. "ரயில் வாற சத்தம் கேக்குதாம் மாமி." "பாத்தியளே" என்று லோகன் அண்ணை முழங்காலில் அடித்தார், "இதிலைதான் சின்னக்கிளி வாறான், கல்யாணத்தண்டைக்குக் கொண்டுவந்து இறக்குவாங்கள், நான் முந்தியே சொன்னனான்." ரயில் நின்றது, ஒரு ஆள் இறங்கினான், முதுகில் மூட்டை, அவனுடைய பிடரி மட்டும் தெரிந்தது. அறை மூச்சை இழுத்தது. பயற்றங்காய் நின்றது. அப்பா கதிரையில் முன்னால் வந்தார். அந்த ஆள் திரும்பினான், கிழட்டு முகம், உப்பு விற்கிற ஆள். "கட்டையிலை போவான்" என்றா மாமி. சிரித்துவிட்டோம், அம்மாகூட, எல்லோரும் ஒன்றாக இழுத்த மூச்சை எங்கேயாவது விடவேண்டும்தானே. டிக் என்று பயற்றங்காய் திரும்பத் தொடங்கியது.

வெளிக்கிட்ட கோலத்தில் யசோ மேசையடிக்கு வந்தாள். தாய் நாலாவது கோப்பையை மூடிவைத்துக்கொண்டிருந்தா. யசோ கேட்டாள், நான் சொன்னேன், "ஏனம்மா ஒவ்வொரு நாளும் இதை வைக்கிறனீங்கள், இண்டைக்காவது சொல்லுங்கோ எண்டு கேக்கிறாள்." அதற்குத் தாய் சொன்ன மறுமொழி எழுத்தாக வந்தது, வெள்ளை எழுத்து, வரிக்குப் பின் வரி. நான் வாசித்தேன். வாசித்து முடியுமுன்பே வேறு வரி வந்தது, அதையும் வாசித்தேன். பிறகு எழுத்து இல்லை, அந்த இரண்டு பேரும் மேசையடியில் இருக்கிறார்கள், வெயில் விழுகிறது. என் வாய் திறந்தபடி இருந்தது. "என்னவாம்?" என்றா மாமி. "என்ன தம்பி?" என்றார் லோகன் அண்ணை. அப்பா என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நகத்துக்குள் எண்ணெய். அம்மா திரும்பினா. முழு உடம்போடும் திரும்பி, ரீவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா, முறித்த பயற்றங்காயின் இரண்டு துண்டும் இரண்டு கையில். "என்ன மோனை சொன்னவ?" அந்தக் கேள்வியில் எனக்கு மணல் மணத்தது. மூடினனானே என்று கேட்ட அதே குரல்.

"அது படையல் இல்லையாம்" என்றேன். யாரும் சத்தமாச் சொல்லு என்று சொல்லவில்லை, அறையில் வேறு சத்தம் இல்லாததால் என் குரல் தனியாக நடந்து போனது. "செத்த ஆக்களுக்கு வைக்கிறேல்லையாம். தூர நிக்கிற ஆளுக்கு, வரவேண்டிய ஆளுக்கு வைக்கிறதாம். இஞ்சை வைச்சா, அங்கை அவன் எந்த ஊரிலை நிண்டாலும் பசி கிடக்க மாட்டானாம்." ஒருவரும் ம் கொட்டவில்லை. ம் இல்லாமலே சொன்னேன். "மூடியின்ரை அடி வேர்த்திருந்தால், அவன் சுகமாய் இருக்கிறானாம். அதுதான் ஒவ்வொரு நாளும் திருப்பிப் பாக்கிறவவாம்." லோகன் அண்ணை தலையைச் சொறிந்தார். "சுடச்சுட மூடினா ஆருக்கும் வேர்க்கும்தானே" என்றார், பிழையாக ஒன்றும் சொல்லவில்லை அவர். "வாயை மூடு லோகன்" என்றா மாமி. பிறகு, "அட கடவுளே, இவ்வளவு நாளும் உயிரோடை இருக்கிற பெடியனுக்கெல்லே நாங்கள் உச்சுக் கொட்டியிருக்கிறம்" என்றா. அப்பா செருமவில்லை, அசையவில்லை, கன்னத்துக் கோடு மட்டும் ஒருமுறை இழுபட்டது. எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பேணியை. கஞ்சி சுட்டது, சுட்டபடியால்தானே அவன் குடிக்காமல் போனான். அப்படியென்றால் அன்றைக்கு அந்தத் தட்டின் அடியும் வேர்த்திருக்கும். நாங்கள் ஓடும்போதும் வேர்த்திருக்கும், ஓடி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம், ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

பிறகு யசோ போனாள். படியில் இறங்கித் திரும்பி ஒன்று சொன்னாள், எழுத்தில் "கிஹின் என்னம்" என்று வந்தது, "போட்டு வாறன் எண்டு சொல்லுறாள்" என்றேன், இது முதல் கிழமையே இந்த அறைக்குப் பிடித்துப்போன சொல், போறன் என்று அவர்களும் சொல்லமாட்டார்கள், சிங்கள ஆட்களும் சொல்லமாட்டார்கள், மூன்று பாஷையிலும் போகிறவர்கள் வாறன் என்றுதான் போகிறார்கள். எரிந்த ஊரில் புதிதாகப் போட்ட தெருவால் யசோ நடந்து நடந்து சின்னதாகிப் போனாள். மறுநாள் அந்த மனிசன் வேலைக்குப் போனார். ஈசாயி அக்கா உள்ளே வந்து, கோப்பைக்கு முன்னால் இருந்து, மூடியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தா. எங்களுக்கு மூடி தெரியவில்லை, அவவின் முகம்தான் தெரிந்தது, அது சிரிக்கவுமில்லை அழவுமில்லை, பார்த்துக்கொண்டிருந்தது, அப்படியே வெள்ளையாகிப் பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. "பொறு பொறு" என்று மாமி எழும்பி நின்றா, "வேர்த்ததோ இல்லையோ?" "காட்டேல்லை மாமி." "எழுதவும் இல்லையோ?" "இல்லை." "இவ்வளவு நாளும் இருத்திவைச்சு ஏமாத்திப்போட்டாங்கள், பேய்க்காட்டுறாங்கள், ஒரு மூடியைத் திருப்பிக் காட்ட என்ன குறைஞ்சு போகுது?" ரீவிக்குப் பேசிக்கொண்டே சேலையை உதறினா. அம்மா எழும்பிச் சுளகோடு குசினிக்குள் போய்விட்டா. "அப்ப அண்ணை, விடிய எத்தினைக்கு வர?" என்றார் லோகன் அண்ணை. அப்பா குசினிக் கதவைப் பார்த்தார். "பேந்து சொல்லுறன்" என்றார். ஓட்டோ மூன்றாம் தரம் இழுத்தபோதுதான் ஸ்டார்ட் ஆனது, மாமி அதற்கும் ஏதோ பகிடி விட்டுக்கொண்டு போனா, முற்றம் வெறுமையானது. ரீவியை நிற்பாட்டினேன். நிற்பாட்டிய ரீவியில் அப்பா தெரிந்தார், கதிரையில், கறுப்பாக.

குசினியில் புட்டு அவிகிற நீத்துப்பெட்டியின் மணம் வந்தது. நானும் அப்பாவும் பாயில் வந்து இருந்தோம், ஆளையாள் பார்க்காமல். தான் கேட்டபடி நான் ஏன் மாற்றிச் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. அம்மா மூன்று கோப்பை கொண்டுவந்து வைத்தா, புட்டு, பயற்றங்காய்க் கறி, மீன் பொரியல். திரும்பிப் போய் நாலாவதைக் கொண்டுவந்தா. விளிம்பு நெளிந்த கோப்பை, அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது, அதை என் பக்கத்தில், சுவர்ப்பக்கமாக, ஆளில்லாத இடத்தில் வைத்தா. இலை இல்லை. விளக்கு இல்லை. வேலையால் பிந்தி வருகிற ஆளுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பது போல, அவ்வளவுதான். வேறொரு கோப்பையைக் கவிழ்த்து மூடப்போனா. "நில்லு" என்றார் அப்பா. அம்மாவின் கை நின்றது. இனித்தான் வெடிக்கப்போகிறது என்று நான் நினைத்தேன், இத்தனை வருடமும் வெடிக்காதது, என் வாயால் வந்தது. அப்பா அந்தப் புட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொதி விடேல்லை" என்றார். "வறண்ட புட்டு அவனுக்கு இறங்காது." அம்மா போய்ச் சொதிச் சட்டியைக் கொண்டுவந்து, அகப்பையால் விட்டா. "இன்னும் கொஞ்சம்" என்றார் அப்பா. விட்டா. மூடினா. அப்பா தன் கோப்பையை இழுத்து அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார், வேகமாக, சின்னப்பிள்ளைகள் சாப்பிடுவது மாதிரி, கன்னத்துக் கோடு மென்று மென்று அசைந்தது.

"ரோச்சை விட்டிட்டுப் போட்டன்" என்று மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தா, வாசலில் கால் வைத்தவ வைத்தபடி நின்றா. மூன்று பேர், நாலு கோப்பை. மாமியின் வாயில் ஒரு பகிடி வருவதையும், அது வந்த வழியே திரும்பிப் போவதையும் நான் கண்டேன். "ஆருக்கடி, தவம்?" என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கேட்டா, மெல்ல, என் குரலைப் போன்ற ஒரு குரலில். "பிந்தி வாறவனுக்கு" என்றா அம்மா. அப்பா தலை நிமிராமலே சொன்னார், "ராசமலர், போற வழியிலை லோகனிட்டைச் சொல்லிவிடு, விடிய வரவேண்டாமெண்டு." மாமி கதவடியிலிருந்து ரோச்சை எடுத்தா. எடுத்துக்கொண்டு போகாமல், பாயடிக்கு வந்து, முழங்காலைப் பிடித்துக் குனிந்து, மூடியாய்க் கவிழ்த்திருந்த கோப்பையைத் தூக்கித் திருப்பி, ரோச் வெளிச்சத்தில் அடியைப் பார்த்தா. சின்னச் சின்ன முத்தாக நீர், ஒன்று ஓடி மற்றதோடு சேர்ந்து விளிம்புக்கு வந்தது. எல்லோருக்கும் தெரியும், சுடச்சுட மூடினால் ஆருக்கும் வேர்க்கும். "ஓமடி தவம்" என்றா மாமி, "வேர்த்துத்தான் கிடக்கு." அதை நோகாமல் திரும்ப மூடினா. "அப்ப போட்டு வாறன்." "ம்" என்றா அம்மா. படலை சாத்துகிற சத்தம் கேட்டது. வேலியின் பொட்டு ஓட்டைகளுக்குள்ளால் ரோச் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்து, ஒழுங்கை திரும்புகிற இடம்வரை நடந்து போனது.